ஸ்டேஷன் பக்கத்துல நாலு மாடி வீடு நம்ம ஊருக்கு ஒத்துவருமா? (உச்சிப்புளி, மண்டபம், ராம்நாடு ஆளுக வாங்க)

லாட்ஜ் கணக்கன்

சொந்த ஊரு உச்சிப்புளிக்கு கிழக்க ஒரு கிராமம், வேலை ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ்ல கணக்கெழுதுறது. ஆவணியில கல்யாணம். கட்டிக்கப்போறவுக ராம்நாட்டுல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல இருக்காக. ஆக காலையில நான் கிழக்க போகணும், அவுக மேற்க போகணும், நடுவுல வீடு இருந்தாத்தான் ரெண்டு பேருக்கும் சரிப்படும்னு ரெண்டு மாசமா ராமேஸ்வரம் ரோட்டுல எடம் பாத்து அலையுறேன். கருவேலங்காட்டை வெட்டி கலர் கல்லு நட்டு கொடியக் கட்டி, வேன்ல கூட்டிட்டுப் போயி மோரும் குடுக்குறாக. எறங்கிப் பாத்தா பஸ் ஸ்டாப் ரெண்டு கிலோமீட்டர், தண்ணி லைன் கிடையாது, ரோடுன்னு சொல்றது செம்மண்ணு கொட்டுன ஒரு கோடு, மழை பேஞ்சா அந்தக் கோடும் இல்ல.

திரும்பி வரும்போது வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம் கேம்ப்னு ஒவ்வொரு ஸ்டேஷனையும் பாத்துட்டே வந்தேன். ஸ்டேஷனச் சுத்தி பூராம் கருவேலம். ஏன் எல்லாரும் ரோட்டுல இருந்து உள்ள உள்ள போயி ரெண்டே முக்கா செண்டு வாங்கணும், ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரத்துல நாலு மாடி கட்டி சின்ன வீடா குடுத்தா என்ன?

தொழிலே கணக்குதானே, போட்டுப் பாத்தேன். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 2019ல வந்த பொது கட்டட விதிப்படி சாதாரணமா இடத்தோட பரப்புல ரெண்டு மடங்கு கட்டலாம், அதாவது 87,120 சதுர அடி. 400 சதுர அடி வீடு, படிக்கட்டு வராண்டா எல்லாம் சேத்து ஒரு வீட்டுக்கு 500ன்னு வச்சா 174 வீடு. அதே ஏக்கரை மனையா பிரிச்சா ரோடு பார்க் போக 1,200 சதுர அடியில இருவத்தி மூணு இருவத்தி நாலு மனைதான் தேறும். நிலத்துக்குக் குடுக்குற காசு ஒரு வீட்டுக்கு ஏழுல ஒரு பங்கா கொறையுது! இதை ஏன் யாருமே செய்யல? திட்டுறவுக திட்டலாம், காரணத்தோட திட்டுங்க.

சும்மா படிக்கிறவன்

கணக்கு சரி. ரயில் எங்க?

பழைய பாசஞ்சர்

மேல இருக்குற தம்பி ரெண்டே வார்த்தையில கேட்டுட்டாரு, நான் கொஞ்சம் நீட்டிக்கிறேன், ரிட்டயர்டு ஆளு.

இந்த ரயிலுக்குப் பக்கத்துல நெருக்கமா வீடு கட்டுறதுங்குறது புது யோசனை இல்ல. 2017ல மத்திய அரசு இதுக்குன்னே ஒரு கொள்கை வெளியிட்டுச்சு, ஸ்டேஷன்ல இருந்து 500லருந்து 800 மீட்டருக்குள்ள நெருக்கமா கட்டணும், நடக்க ரோட்டோர நடைபாதை வேணும், ஏழை பாழைக்கும் வீடு ஒதுக்கணும்னெல்லாம் இருக்கு. ஆனா அது மெட்ரோ மாதிரி ஒண்ணு போனா பின்னாலயே இன்னொண்ணு வர்ற ஊரை மனசுல வச்சு எழுதுனது. நம்ம மானாமதுரை - ராமேஸ்வரம் லைன் ஒத்தை லைன். எதுத்த வண்டி கிராசிங் ஆகுற வரைக்கும் நின்னுதான் ஆகணும். பாசஞ்சர விரல் விட்டு எண்ணிரலாம், எக்ஸ்பிரஸ் பாதி ஸ்டேஷன்ல நிக்காது. உங்க லாட்ஜுக்கு காலையில எட்டு மணிக்குப் போகணும்னா எந்த வண்டியில போவீங்க? ஸ்டேஷன் பக்கத்துல வீடு வச்சிருந்தாலும் பஸ்ஸுக்குத்தான் போவீங்க.

இன்னொண்ணு மறந்துறாதீங்க. 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல வண்டிய நிறுத்துனாங்க, புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல்ல. 1914ல இருந்து ஓடுன பாலம், வயசாயிருச்சு, தப்பு சொல்ல முடியாது. ஆனா ரெண்டு வருஷத்துக்கு மேல தீவுக்குள்ள ரயிலே கிடையாது. அந்த ரெண்டு வருஷமும் ராமேஸ்வரத்துக்கு சோறு போட்டது 1988ல கட்டுன ரோட்டுப் பாலம்தான். ரயிலை நம்பி 174 குடும்பத்தைக் குடியேத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சென்னையில பறக்கும் ரயில் 95ல இருந்து ஓடுது. ஸ்டேஷனெல்லாம் அரண்மனை மாதிரி. உள்ள போனா புறாதான் குடியிருக்கும். ஸ்டேஷன கட்டுனா ஊரு தானா வந்துரும்னு நெனச்சாங்க, எறங்குனா பக்கத்துல பஸ் இல்ல, நடக்க வழி இல்ல. தூணு மட்டும் போதாது தம்பி.

லாட்ஜ் கணக்கன்

அய்யா சொல்றது நியாயம், நான் எட்டு வருஷமா போறதே பஸ்ஸுலதான், ரயில்ல ஏறுனது மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மட்டும். அப்ப ஸ்டேஷனுக்குப் பதிலா பஸ் ஸ்டாப்புன்னு வச்சுக்குவோம், மத்த கணக்கு மாறாதுல்ல?

சேலைக்கடை அக்கா

மாறும் தம்பி. எந்த பஸ்ஸு, எத்தனை மணிக்குங்குறதுலதான் எல்லாமே இருக்கு.

நான் ராம்நாட்டுல ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ்ல இருக்கேன், வீடு உச்சிப்புளிக்கு இங்கிட்டு. 2021ல டவுன் பஸ்ஸுல பொம்பளையாளுக்கு டிக்கெட் இல்லன்னு ஆன பெறகுதான் இந்த வேலைக்கே வந்தேன், அதுக்கு முன்னாடி பஸ்ஸுக்குக் குடுக்குற காசப் பாத்தா வேலைக்குப் போறதுல மிஞ்சுறது இல்ல. ஆனா அந்த பஸ்ஸு ராத்திரி கடைசி நடை ஒம்பது பத்துக்கு எடுத்துருவாக. கடை அடைக்கிறது ஒம்பதரை. சேலைய மடிச்சு அடுக்கி ரேக்ல வச்சுட்டு வர ஒம்பதே முக்கா ஆகும். ஒம்பது மணிக்கே கெளம்புறேன்னு சொன்னா மாசக் கடைசியில அரைநாள் அரைநாளா பிடிச்சுருவாக. பண்டிகை மாசத்துல சொல்லவே வேணாம். அப்பறம் என்ன, ஷேர் ஆட்டோதான், நாப்பது ரூவா. காலையில மிச்சம் புடிச்சது ராத்திரி போயிரும்.

வீடு கட்டுறவுக பஸ் ஸ்டாப் பக்கம் கட்டுறாகளோ ஸ்டேஷன் பக்கம் கட்டுறாகளோ, ஒம்பதே முக்காலுக்கு ஒரு பஸ் இருந்தா நான் இருக்குற எடத்துலயே இருந்துக்குவேன்.

அப்பறம் ஸ்டாப்புல இருந்து வீடு வரைக்கும் லைட்டு. அதை யாரும் கணக்குல எழுதல.

லாட்ஜ் கணக்கன்

அக்கா உண்மையிலயே நான் யோசிக்கல. எங்க வீட்டுல வரப்போறவுகளுக்கும் சில நாள் சாயங்கால ஷிப்ட்டு உண்டு.

கம்பிகட்டி

சைட் சூப்பர்வைசர் பேசுறேன், பதினாலு வருஷம், பாதி சர்வீஸ் கடலோரம். பஸ்ஸ விடுங்க, கட்டடத்துக்கு வாங்க.

நாலு மாடி கட்டிரலாம். பதினஞ்சு வருஷம் கழிச்சு அந்த நாலு மாடிக்குக் கீழ நீங்க படுப்பீங்களா? நம்ம பக்கம் சன்ஷேடு ஓரத்தப் பாருங்க, சிவப்பா கோடு எறங்கியிருக்கும், அப்பறம் பொருக்கு பொருக்கா பேந்து விழும். உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதுது, ஊதுனா கான்கிரீட்டத் தள்ளிவிட்டுரும். உப்புக் காத்துப் படுற கட்டடத்துக்கு ஐஎஸ் 456ன்னு கான்கிரீட்டுக்கு உள்ள இந்தியத் தரவிதி கேக்குறது எம்30ங்குற தரத்துல கான்கிரீட், கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவுல 45 மில்லி கவர். தெளிப்பு அடிக்கிற தூரத்துல இருந்தா 50 மில்லி, எம்35. நம்ம ஆளுக வைக்கிறது? ஜல்லிக் கல்லுல ஒண்ண எடுத்து கம்பிக்கு அடியில சொருகி "ஆச்சுய்யா, ஊத்து"ம்பாக. நானே பாத்து கத்தியிருக்கேன். அந்தக் கல்லு காங்கிரீட் ஊத்துறப்ப உருண்டு போயி கம்பி பலகையில படுத்துக்கும்.

தண்ணி அத விட மோசம். கலவைக்கு ஊத்துற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது, கம்பி போட்ட வேலைக்கு. நம்ம ஊரு போர் தண்ணிய வாயில வச்சுப் பாருங்க. ஒரு சைட்டுல காண்ட்ராக்டர் நல்ல தண்ணிக்கு லாரிக் காசு கட்டுறேன்னு பில்லப் போட்டுட்டு ராத்திரியில மோட்டாரப் போட்டு போர் தண்ணிய தொட்டியில நெரப்புனாரு. நான் சொன்னதுக்கு மறுநாள்ல இருந்து என்னைய வேற சைட்டுக்கு மாத்திவிட்டுட்டாக.

தனி வீடுன்னா பேந்தா ஒருத்தன் தலையில விழும், அவனே பூசிக்குவான். 174 வீட்டுக்கு யாரு பூசுறது? மலிவா கட்டணும்ங்குறதும் கடலோரத்துல கட்டணும்ங்குறதும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. அதுக்காக கட்டவே முடியாதுன்னு சொல்லல. கம்பிக்கு அடியில அந்த இடைவெளிக்கு வைக்கிற கவர் பிளாக் கட்டை ஒண்ணு சில்லறைக் காசுதான், அத வைக்கச் சொல்லி பக்கத்துல நிக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

ஊத்துத்தண்ணி

ராமேஸ்வரம் தீவுக்காரன். கட்டடத்துத் தண்ணியப் பேசியாச்சு, குடிக்கிற தண்ணியப் பேசலியே?

கணக்கன் தம்பி, உங்க கணக்கையே நான் தொடருறேன். 174 வீடு, வீட்டுக்கு நாலு பேருன்னா 696 பேரு. பாதாளச் சாக்கடை இருக்குற ஊருக்கு அரசாங்க அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். பெருக்குங்க, 94 ஆயிரம் லிட்டர் கிட்ட வரும். 12 ஆயிரம் லிட்டர் லாரியில தெனம் எட்டு லாரி. கிராமத்து அளவு 55 லிட்டர்னு கொறைச்சாலும் 38 ஆயிரம். காவிரிக் கூட்டுக் குடிநீர் திருச்சி பக்கத்துல இருந்து வருது, வர்ற வழியில எல்லா ஊரும் குடிச்சது போக மிச்சம்தான் நமக்கு. எங்க தெருவுல வர்ற அன்னைக்கு கொடத்த வரிசையில வச்சுட்டு ஆளு போயி சோறாக்கிட்டு வரும்.

மழைத் தண்ணிய பிடிச்சுக்கலாம்பீங்க. சரி, பாதி ஏக்கர் மொட்டை மாடி, நம்ம மாவட்டத்துல வருஷத்துக்கு சுமாரா 800 மில்லிமீட்டர் மழை, ஒரு சொட்டு விடாம பிடிச்சா 16 லட்சம் லிட்டர். உங்க 696 பேருக்கு பதினேழு நாளைக்கு வரும். பதினெட்டாம் நாளு?

எங்க பக்கம் மணல்ல ஊத்துத் தோண்டி கொட்டாங்குச்சியில மொண்டு கொடத்துல ஊத்துறத இன்னமும் பாக்கலாம். கடல் அந்தா இருக்கு, கூப்புடு தூரம், ஊத்துத் தண்ணி எளநி மாதிரி இருக்கும். அது எப்படின்னா மழைத் தண்ணி மணலுக்குள்ள எறங்கி உப்புத் தண்ணிக்கு மேல மெதந்துட்டு நிக்கிது, எண்ணெய் மாதிரி. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா அதுக்குக் கீழ 40 அடி நல்ல தண்ணி இருக்கும்பாக. அப்படியே திருப்பிப் பாருங்க, மேல ஒரு அடிய மோட்டாரப் போட்டு உறிஞ்சிட்டா கீழ இருந்து 40 அடி உப்பு ஏறி வந்துரும். கொட்டாங்குச்சியில மொள்ளுற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, மெதுவாத்தான ஊறும். அஞ்சு எச்பி மோட்டார் போட்டா ஒரே கோடையில போச்சு.

அதே மணல்லதான் செப்டிக் டேங்கும் வைக்கிறோம். 94 ஆயிரம் உள்ள போனா 75 ஆயிரம் லிட்டர் கழிவா வெளிய வரும். மணலு முழுசா வடிகட்டாது, வேகமா கொண்டுபோயி ஊத்துல விடும். நாலு மாடி கட்டுறதுக்கு முன்னாடி அந்த 75 ஆயிரம் லிட்டர் எங்க போகும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, மத்தத அப்பறம் பேசலாம்.

சும்மா படிக்கிறவன்

பதினெட்டாம் நாளு 😂 கணக்கன எதுத்து கணக்குலயே அடிச்சுட்டாரு

பாம்பன் காத்து

நாங்க மீன்பிடிக்காரங்க, எங்களையும் ஒரு நாளு இந்த மாடி வீட்டுக்குள்ள தள்ளிருவாகன்னு பயந்துக்கிட்டே படிச்சேன். எங்களுக்கு ஸ்டேஷனும் வேணாம் பஸ்ஸும் வேணாம், எங்க ஆபீஸு கடலு. இன்ஜினத் தோள்ல வச்சு மூணு மாடி ஏற முடியுமா? வலை எங்க விரிக்க, கருவாடு எங்க காய வைக்க? மொட்டை மாடியில காயப்போட்டா கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். காத்து மாறுறது வாசல்ல படுத்திருந்தாத்தான் தெரியும், படகு ஆங்கர் அத்துக்கிட்டா ஓடணும்.

இன்னொண்ணு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. மத்த நாள்லயும் இந்தப் பக்கம் வாரத்துக்கு மூணு நாளுதான் விசைப்படகு போகும். அந்த 61 நாளும் லிஃப்டுக்கு, மோட்டாருக்கு, வாட்ச்மேனுக்குன்னு மாசக் காசு யாரு கட்டுவா? கட்டாட்டி தண்ணிய நிறுத்துவாக. சென்னையில ஆத்தோரத்துல இருந்தவுகள கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு கொண்டுபோயி அடுக்கி வச்சாகளே, வீடு குடுத்தாக, வேலை பழைய எடத்துலயே இருந்துச்சு. எங்க மச்சினன் ஒருத்தன் அங்க இருக்கான், காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு மார்க்கெட்டுக்குப் போறான்.

லாட்ஜ் கணக்கன்

அண்ணே உங்களைய யாரும் தள்ளல, நான் சொல்றது என்னைய மாதிரி கடலும் இல்லாம காணியும் இல்லாம சம்பளத்துக்கு போறவுகளுக்கு. கலைஞர் கனவு இல்லத்துல 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் தர்றாக, நல்ல திட்டம்தான், ஆனா கட்டுறதுக்கு சொந்தமா பட்டா எடம் வேணுமே. எடமே இல்லாம வாடகைக்கு இருக்குறவனுக்கு என்ன இருக்கு?

பாம்பன் காத்து

அப்படின்னா சரி தம்பி. தலைப்புல "நம்ம ஊருக்கு"ன்னு போட்டீங்க, அதான் பேசுனேன். ஆவணியில பத்திரிகை வைங்க.

கீழக்கரை காக்கா

சிங்கப்பூர்ல பதினொரு வருஷம், எச்டிபிங்குற அரசாங்க அடுக்குமாடி வீட்டுல ரூம் வாடகைக்கு இருக்கேன், அதனால மாடி வீட்டப் பத்தி கொஞ்சம் வாய் தொறக்கலாம்ல.

முதல்ல ஒண்ணு, நெருக்கம்னா மாடின்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க. எங்க ஊருக்கு வந்து பாருங்க. கீழக்கரையில ரயிலும் கிடையாது லிஃப்டும் கிடையாது, ஆனா சுவத்தோட சுவரு ஒட்டுன வீடு, ரெண்டு பேரு ஒதுங்கிப் போற சந்து. பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுக்கணும்ங்குற வழக்கத்துல உம்மா வீட்டையே நடுவுல சுவரு வச்சு லாத்தாவுக்கு பாதி தங்கச்சிக்கு பாதின்னு பிரிச்சு பிரிச்சு, தரையோட இருந்தே ஊரு நெருங்கிருச்சு. கடை, பள்ளி, பள்ளிவாசல் எல்லாம் நடந்து போற தூரம். நெருக்கம் எங்களுக்கு பழக்கம். சாக்கடைதான் நெருக்கத்துக்கு ஏத்த மாதிரி வரல, மழைக்கு சந்துல கால் வைக்க முடியாது, ஊத்துத்தண்ணி பாய் சொன்னது அப்படியே எங்க ஊருல நடந்திருக்கு.

சிங்கப்பூர்ல பத்துல எட்டு பேரு அரசாங்க அடுக்குமாடியிலதான் இருக்காங்க. 1960ல ஆரம்பிச்சாங்க. கட்டடம் ஒண்ணும் அதிசயமில்ல, எனக்குப் பிடிச்சது கீழ்த் தளம். வீடு கட்டாம காலியா விட்டிருப்பாங்க, தூணு மட்டும் நிக்கும். அங்கேயே மலாய்க்காரங்க கல்யாணம் நடக்கும், சீனங்க எழவு நடக்கும், சனி ஞாயிறு கிழவிங்க உக்காந்து காய் அரியும். நம்ம ஊருல 64 புயல் தனுஷ்கோடிய எப்படி முழுங்குச்சுன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கோம், தண்ணி ஏறுற கரையில கீழ்த் தளத்தை காலியா விடுறது இன்னும் நல்லதுதானே. பாம்பன் அண்ணன் வலையும் விரிச்சுக்கலாம் (சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க).

ஆனா கணக்கன் தம்பி, சிங்கப்பூர்ல நிலம் அரசாங்கத்து நிலம், 66லயே சட்டம் போட்டு வாங்கிக்கிட்டாங்க. வீடு 99 வருஷக் குத்தகைதான். நம்ம ஊருல அப்படி குடுத்தா வாங்குவாங்களா? "மண்ணு யாரு பேருல?"ன்னுதான் மாமனாரு முதல் கேள்வி கேப்பாரு.

லாட்ஜ் கணக்கன்

கேட்டுட்டாரு காக்கா. போன வாரமே கேட்டுட்டாரு 🙏

பழைய பாசஞ்சர்

உச்சிப்புளியில கடற்படை விமானதளம் இருக்குங்குறதையும் சேத்துக்குங்க, பக்கத்துல உயரமா கட்டணும்னா அவங்ககிட்டயும் அனுமதி கேக்கணும். கடல் பக்கம் போனா கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். தெக்க மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவு. நாலு பக்கமும் கோடு போட்டாச்சு, நடுவுல இருக்குற துண்டுலதான் நீங்க வீடு தேடணும்.

கம்பிகட்டி

அதுக்காக நாலு மாடியே வேணும்னு பிடிவாதம் எதுக்கு? ரெண்டு மாடி போதும், லிஃப்டு வேணாம், கம்பியும் கொறையும், பேந்தா ஏணி வச்சுப் பூசிரலாம். அறுவது வீடுன்னு வச்சா ஊத்துத்தண்ணி அண்ணன் கணக்குல எவ்வளவு வருது?

ஊத்துத்தண்ணி

60 × 4 × 135 = 32,400 லிட்டர். மூணு லாரிக்கும் கீழ. கழிவு 26 ஆயிரம். இதுக்கு தனியா சின்ன சுத்திகரிப்பு தொட்டி கட்டி, வர்ற தண்ணிய தென்னைக்கும் கக்கூசுக்கும் விட்டா ஊத்து பொழைக்கும். தொட்டிய ஓட்ட ஆளு வேணும், கரண்டு பில்லு கட்டணும், அதை வீட்டு வெலையில முன்னாடியே பிடிச்சு பேங்க்ல போட்டு வைக்கணும். இல்லாட்டி ரெண்டாம் வருஷம் மோட்டாரு எரியும், மூணாம் வருஷம் கதவத் தொறந்து விட்டுருவாக. இதுக்கு ஒத்துக்கிட்டா நான் எதுக்கல.

லாட்ஜ் கணக்கன்

ரெண்டு நாளா எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். 174ஐ அடிச்சுட்டேன். அறுவது வீடு, ரெண்டு மாடி, கழிவுத் தொட்டி முதல்ல வீடு அப்பறம், ஸ்டேஷனும் பஸ் ஸ்டாப்பும் ரெண்டும் நடக்குற தூரத்துல. அதுக்கும் முன்னாடி ஒம்பதே முக்கா பஸ்ஸு. மனு எழுதுறதா இருந்தா நான் பஸ்ஸுக்குத்தான் முதல்ல எழுதுவேன், அதுக்கு நிலமும் வேணாம் சிமெண்டும் வேணாம். எத்தனை பேருக்கு அந்த பஸ்ஸு தேவைன்னு நம்பர் இல்லாம போனா ஆளில்லன்னு சொல்லி அனுப்பிருவாக, அதனால சனிக்கிழமை லீவு போட்டு ராத்திரி ஸ்டாப்புல நின்னு கடைசி பஸ்ஸுல எத்தனை பேரு எறங்குறாகன்னு எண்ணி எழுதப்போறேன்.

சேலைக்கடை அக்கா

தம்பி, பஸ்ஸுல எறங்குறவுகள எண்ணுனா நாங்க ஆறு பேரும் அதுல இருக்க மாட்டோம். பத்து மணிக்கு மேல ஷேர் ஆட்டோவுல வருவோம், முன்னாடி டிரைவர் பக்கத்துல ரெண்டு பேரு, பின்னாடி நாலு. நீல தார்ப்பாய் போட்ட ஆட்டோ. அது வர்ற வரைக்கும் நில்லுங்க.

லாட்ஜ் கணக்கன்

நிக்கிறேன் அக்கா. பத்தரை வரைக்கும் நிக்கிறேன்.